மலேரியாவுக்கு முன் வந்த வைரஸ்

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது கிசுமு. ஆண்டு முழுவதும் கொசு, ஆண்டு முழுவதும் மலேரியா. அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவரின் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மலேரியா ஒட்டுண்ணி தென்படலாம். ஆனால் அவருக்குக் காய்ச்சல் இருக்காது. விடியற்காலையில் படகெடுத்து மீன்பிடிக்கப் போய் வந்துகொண்டிருப்பார். அதே வீட்டில் இருக்கும் ஒரு வயதுக் குழந்தையின் உடம்பில் அதே ஒட்டுண்ணி புகுந்தால், சில நாட்களிலேயே குழந்தை வெளிறி, மூச்சிரைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை வந்துவிடலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அவர்களில் 95 சதவீதம் பேர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

பெரியவரைக் காப்பாற்றுவது எது என்ற கேள்விக்கு 1961-லேயே ஒரு விடை கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியாவில் இயான் மெக்கிரகரும், சிட்னி கோஹனும், கேரிங்டனும் ஒரு சோதனை செய்தார்கள். மலேரியாவோடு பல்லாண்டு வாழ்ந்துவிட்ட பெரியவர்களின் ரத்தத்திலிருந்து காமா குளோபுலினைப் பிரித்தெடுத்து, மலேரியாவில் படுத்திருந்த குழந்தைகளுக்கு ஊசியாகச் செலுத்தினார்கள். சில நாட்களிலேயே குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை சரிந்தது. காமா குளோபுலினில் இருப்பவை ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்பொருள்கள். ஆக, பெரியவரிடம் இருந்து குழந்தையிடம் இல்லாமல் போனது அந்த எதிர்ப்பொருள்தான்.

அது பிறவியிலேயே வருவதில்லை. தாய் தன் எதிர்ப்பொருள்களில் ஒரு பங்கைக் கருவிலேயே கொடுத்தனுப்புகிறாள், ஆனால் அது ஆறு மாதத்துக்குள் கரைந்துபோகிறது. அதன்பின் குழந்தை தானே கற்றுக்கொள்ள வேண்டும். மூளையைத் தாக்கும் வகையைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், கடுமையான மலேரியாவிலிருந்து தப்பும் திறன் ஒன்று அல்லது இரண்டு தொற்றுகளிலேயே கிடைத்துவிடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த முதல் ஒன்றிரண்டு தொற்றுகளில் சில குழந்தைகள் கற்றுக்கொண்டு பிழைத்துவிட, வேறு சில குழந்தைகள் கற்றுக்கொள்வதற்குள் இறந்துபோவது ஏன்?

காரணங்கள் பல. சத்துக்குறைவு, ரத்தசோகை, கிராமத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே உள்ள தூரம், பரம்பரைக் கூறுகள் என்று எல்லாமே உண்மை. இந்த அத்தியாயம் இன்னொரு காரணத்தைப் பற்றியது. மலேரியா வந்த நேரத்தில் அந்தக் குழந்தையின் உடம்பில் வேறு யார் இருந்தார்கள் என்பதுதான் அது.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் உடம்பிலும் அந்த வைரஸ் இருக்கிறது. உலகில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதைச் சுமந்துகொண்டு திரிகிறோம். உமிழ்நீர் வழியாகப் பரவுவது. மேலை நாடுகளில் பதின்ம வயதில் தொற்றினால் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டுதல், வாரக்கணக்கில் அசதி என்று படுத்தியெடுக்கும். சிறு குழந்தைகளுக்குத் தொற்றினால் பெரும்பாலும் ஒரு சாதாரண சளிக்காய்ச்சல் அளவுக்குக்கூட வெளியே தெரியாது. வந்த வைரஸ் ஆயுளுக்கும் போகாது. ரத்த வெள்ளணுக்களில் பி செல்கள் என்ற ஒரு வகைக்குள் புகுந்து, அங்கேயே உறங்கிவிடும்.

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட கதையே மலேரியாவின் நிழலில்தான் தொடங்குகிறது. 1957-ல் உகாண்டாவின் கம்பாலாவில் முலாகோ மருத்துவமனையில் பணிபுரிந்த அயர்லாந்துக்காரரான அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், தாடையின் இருபுறமும் கட்டி வீங்கிய ஒரு சிறுவனைப் பார்த்தார். சில நாளில் இன்னொரு ஊரில் அதேபோல ஒரு குழந்தை. தேடத் தேட நிறையக் குழந்தைகள். 1961-ல் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய ஃபோர்டு வண்டி ஒன்றில் பத்தாயிரம் மைல் சுற்றினார். மிஷன் ஆஸ்பத்திரிகளில் இறங்கி இறங்கிப் படங்களைக் காட்டி, இந்தக் கட்டியைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். விடைகளை வரைபடத்தில் குறித்தபோது ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பட்டை உருவானது. குளிர்ந்த மலைப்பகுதிகளில் கட்டி இல்லை. மழை குறைந்த இடங்களில் இல்லை. வெப்பமும் ஈரமும் நிறைந்த தாழ்நிலங்களில் மட்டும் இருந்தது. மலேரியா ஓயாமல் பரவும் பகுதியும் அதுவேதான்.

அதே 1961-ல் லண்டனில் பர்கிட் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்டவர் ஆந்தனி எப்ஸ்டீன். கோழிகளில் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு, இந்தக் கட்டிக்கும் வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று பட்டது. கம்பாலாவிலிருந்து விமானத்தில் கட்டித் துண்டுகளை வரவழைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் லண்டனில் மூடுபனி. விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. மாதிரி கைக்கு வந்தபோது குப்பியில் இருந்த திரவம் கலங்கிக் கிடந்தது. பாக்டீரியா சேர்ந்து கெட்டுப்போன மாதிரியைக் கொட்டிவிடுவதுதான் வழக்கம். எப்ஸ்டீன் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். கலங்கலுக்குக் காரணம் பாக்டீரியா இல்லை. கட்டியிலிருந்து உதிர்ந்த செல்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன. அவற்றை இவோன் பார் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தார். 1964 பிப்ரவரியில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று தெரிந்தது. எலெக்ட்ரான் கற்றை பட்டு மாதிரி கருகிவிடுமோ என்ற பதற்றத்தில் கருவியை அணைத்துவிட்டு, எப்ஸ்டீன் வெளியே பனியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாராம். எப்ஸ்டீன், பார், டிரினிடாட்டைச் சேர்ந்த பெர்ட் அச்சோங் ஆகிய மூவரும் அந்த மார்ச்சிலேயே லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் என்று முதலில் அறியப்பட்டது அதுதான்.

வைரஸ் உலகெங்கும் இருக்கிறது, கட்டி மட்டும் மலேரியாப் பட்டையில் இருக்கிறது. எனவே இரண்டும் கைகோத்தால்தான் கட்டி வருகிறது என்ற முடிவுக்கு வருவது இயல்பு. அதன்பின் பல பத்தாண்டுகள் ஆராய்ச்சி பெரும்பாலும் ஒரே திசையில் ஓடியது. மலேரியா இந்த வைரஸை என்ன செய்கிறது? 1984-ல் காம்பியாவில் ஹில்டன் விட்டிலும் கூட்டாளிகளும் காட்டியது முக்கியமானது. வைரஸ் புகுந்த பி செல்கள் மிஞ்சிப் பெருகாமல் காவல் காப்பவை டி செல்கள். மலேரியாக் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. மலேரியா ஒட்டுண்ணி பி செல்களைக் கண்டபடி தூண்டிவிடுகிறது என்பதும், அந்த அவசரப் பெருக்கத்தில் மரபணுக்கள் இடம்மாறி ஒட்டிக்கொண்டு புற்றுநோய்க்கு வித்திடுகின்றன என்பதும் பின்னால் தெரிந்தன.

அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டவர்கள் சிலரே. வைரஸ் மலேரியாவுக்கு எதிரான நோயெதிர்ப்பை என்ன செய்கிறது? கட்டி வரும் குழந்தைகள் சில ஆயிரம் பேர். மலேரியா வரும் குழந்தைகளோ கோடிக்கணக்கில். திருப்பிப் போட்ட கேள்விதான் கூடுதல் உயிர்களைத் தொடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

விடையைத் தேட மண்ணீரலுக்குள் போக வேண்டும். இடது விலாவுக்கு உள்ளே, இரைப்பையை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு அது. மலேரியா வந்தால் வீங்கும். ஒரு கிராமத்தில் மலேரியா எவ்வளவு என்று அறிய, குழந்தைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்து மண்ணீரல் வீங்கியவர்களை எண்ணுவது 19-ம் நூற்றாண்டிலிருந்தே நடைமுறை. அது வீங்குவதற்குத் தக்க காரணம் உண்டு. ரத்தத்தில் வரும் கிருமியின் துண்டுகளைப் பிடித்துவைத்து, அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது.

முதலில் தற்செயலாக ஏதோ ஒரு பி செல்லின் மேலுள்ள ஏற்பி, ஒட்டுண்ணியின் புரதத் துண்டு ஒன்றோடு ஓரளவுக்குப் பொருந்துகிறது. அந்தச் செல் துண்டை விழுங்கி, சின்னச் சின்னதாக நறுக்கி, தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு உதவி டி செல்லிடம் காட்டுகிறது. டி செல் சம்மதித்தால் பி செல் பெருகத் தொடங்குகிறது. பெருகும் செல்கள் ஒன்றுகூடி முளை மையம் எனப்படும் திரளாகின்றன. அங்கே ஒவ்வொரு பிரிவின்போதும் எதிர்ப்பொருளுக்கான மரபணுவில் வேண்டுமென்றே பிழைகள் புகுத்தப்படுகின்றன. பெரும்பாலான பிழைகள் பயனற்றவை. சில மட்டும் ஒட்டுண்ணியை முன்னைவிட இறுக்கமாகப் பிடிக்கும். இறுக்கமாகப் பிடிப்பவை கூடுதல் துண்டுகளை ஏந்தி வருவதால் ஃபாலிகுலர் டி செல்கள் எனப்படும் சிறப்பு உதவியாளர்களின் தயவு அவற்றுக்குக் கிடைக்கிறது. கிடைக்காதவை அங்கேயே மடிகின்றன. இப்படி நாட்கணக்காகச் சலித்துச் சலித்து எடுத்த பின் வெளியே வருபவை இரண்டு வகை. ஒன்று, எலும்பு மஜ்ஜையில் போய் அமர்ந்து எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும் பிளாஸ்மா செல்கள். மற்றொன்று, அடுத்த முறை அதே ஒட்டுண்ணி வந்தால் உடனே எழும் நினைவு செல்கள். காம்பியப் பெரியவரின் ரத்தத்தில் இருந்தது இந்த உழைப்பின் விளைவு.

இப்போது வைரஸைப் பார்ப்போம். அது குடியிருக்க விரும்பும் இடம் நினைவு பி செல். நீண்ட நாள் வாழும், அதிகம் பெருகாது, யார் கவனத்தையும் ஈர்க்காது. அங்கே போய்ச்சேர வைரஸ் எடுக்கும் வழியைப் பற்றி பாஸ்டனில் டேவிட் தோர்லி-லாசன் முன்வைத்த விளக்கம் வியக்கவைப்பது. வைரஸ் தன்னிடம் இரண்டு புரதங்களை வைத்திருக்கிறது. எல்எம்பி2ஏ என்ற புரதம், கிருமித் துண்டு எதுவும் பொருந்தாமலே, பொருந்திவிட்டதாக பி செல்லுக்குச் சமிக்ஞை கொடுக்கிறது. எல்எம்பி1 என்ற புரதம், டி செல்லைச் சந்திக்காமலே, டி செல்லின் சம்மதம் கிடைத்துவிட்டதாகச் சமிக்ஞை கொடுக்கிறது. பரீட்சை எழுதாமல் போலிச் சான்றிதழோடு வேலைக்குச் சேர்ந்தவரைப் போல, எந்தக் கிருமியையும் அறியாத ஒரு பி செல் நினைவு செல்லாகிவிடுகிறது, வைரஸை வயிற்றில் வைத்துக்கொண்டு.

மலேரியாவை எதிர்க்க உடம்பு நம்பியிருக்கும் அதே பி செல்கள்தான், எதிர்ப்பொருளைச் செதுக்கும் அதே அமைப்புதான் இந்த வைரஸின் பாதையும். இரண்டும் ஒரே வாரத்தில் அங்கே சந்தித்தால்?

குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்க முடியாது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் எலிகளைத் தொற்றாது. ஆனால் அதன் உறவுக்கார வைரஸ் ஒன்று இருக்கிறது. ஸ்லோவாக்கியாவில் காட்டெலி ஒன்றிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எம்ஹெச்வி68. அதுவும் பி செல்லில் குடியிருக்கும், அதுவும் ஆயுளுக்கும் உறங்கும். மலேரியாவுக்கும் எலி வகை உண்டு. மத்திய ஆப்பிரிக்கக் காட்டெலிகளிலிருந்து கிடைத்த பிளாஸ்மோடியம் யோயெலி. அதன் எக்ஸ்என்எல் என்ற ரகம் ஆரோக்கியமான எலியைக் கொல்லாது. எலி சில வாரம் நோயுற்று, எதிர்ப்பொருள் உருவாக்கி, ஒட்டுண்ணியைத் துடைத்தெறிந்துவிடும். ஆனால் பி செல்களே இல்லாத எலியால் யோயெலியை அப்படித் துடைத்தெறிய முடிவதில்லை. அதனால் எதிர்ப்பொருளின் தரத்தை அளக்க இது பொருத்தமான நோய்.

அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் ட்ரேசி லாம்ப், சாமுவேல் ஸ்பெக் ஆகியோரின் குழு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டது. முதலில் வைரஸ். அது உடம்பில் பொங்கிப் பெருகிக்கொண்டிருக்கும் தீவிரநிலையிலேயே மலேரியா. கொல்லாத மலேரியா கொல்லும் மலேரியாவாக மாறியது. எலிகளின் மண்ணீரலைப் பார்த்தபோது முளை மையத்து பி செல்களும் அவற்றுக்கு உதவும் ஃபாலிகுலர் டி செல்களும் தாக்குப்பிடிக்காமல் குறைந்துபோயிருந்தன. மலேரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகவில்லை. அதே வைரஸ் உறக்கநிலைக்குப் போன பிறகு மலேரியாவைக் கொடுத்தபோது இந்த விபரீதம் நேரவில்லை. ஆக, வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்பதைவிட எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே எலியின் உயிரைத் தீர்மானித்தது.

குழு அத்தோடு நிற்கவில்லை. வைரஸிடம் எம்2 என்ற புரதம் இருக்கிறது. உறக்கநிலைக்கு வழி அமைப்பது. அந்த எம்2 மரபணு இல்லாத வைரஸைத் தயாரித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். எலிகள் இறக்கவில்லை. இந்த ஒரு வரி முடிவு எனக்கு அந்த ஆய்வின் மற்ற எல்லாப் பக்கங்களையும்விட மதிப்புள்ளது. இரண்டு நோய் சேர்ந்ததால் உடம்பு களைத்துப்போய் எலி செத்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி அது செய்துவிடுகிறது. களைப்பு காரணமென்றால் எம்2 இல்லாத வைரஸும் களைக்கவைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு புரதம் குறிப்பிட்ட ஒரு வேலையைக் கெடுத்திருக்கிறது.

எம்2 புகுந்த பி செல்கள் ஐஎல்-10 என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கின்றன என்று ஸ்பெக்கின் ஆய்வகம் 2008-லேயே காட்டியிருந்தது. ஐஎல்-10 நோயெதிர்ப்பின் வேகத்தைத் தணிக்கும் பொருள். எம்2 என்ற புரதம் எப்ஸ்டீன்-பார் வைரஸில் கிடையாது. ஆனால் அந்த வைரஸிடம் வேறொன்று இருக்கிறது. மனித ஐஎல்-10 மரபணுவையே பரிணாமப் பாதையில் எப்போதோ களவாடி, தன் மரபுத் தொடரில் சேர்த்து வைத்திருக்கிறது. 1990-ல் அது கண்டறியப்பட்டது. வழி வேறாக இருந்தாலும் இரண்டு வைரஸ்களும் கைவைக்கும் இடம் ஒன்றாக இருக்கக்கூடும். எலியிலிருந்து குழந்தைக்குத் தாவுவதற்கு இந்தப் பாலம் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூண்டில் வளர்ந்த எலி, ஒரே மரபு, ஒரே உணவு, குறித்த நாளில் கொடுத்த கிருமி. கிசுமுக் குழந்தையின் முதல் ஆண்டு அப்படி இருப்பதில்லை.

ஆனால் கிசுமுக் குழந்தையின் முதல் ஆண்டைப் பற்றி வேறு வழியில் சில விவரங்கள் கிடைத்திருக்கின்றன. ரோஸ்மேரி ராக்ஃபோர்டும் ஆன் மூர்மனும் கென்ய ஆய்வாளர்களும் சேர்ந்து இரண்டு ஊர்க் குழந்தைகளைப் பிறந்த சில வாரங்களிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்று கிசுமு. மற்றது அங்கிருந்து மேலேறினால் வரும் நந்தி மலைப்பகுதி. தேயிலை விளையும் குளிர்ந்த மண், மலேரியா குறைவு. நந்தியைவிடக் கிசுமுவில் குழந்தைகளுக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ் முன்னதாகவே தொற்றியது. ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே தொற்றிய குழந்தைகளின் விகிதம் அங்கே கணிசமாகக் கூடுதல். மலேரியா தாயின் உடம்பில் உறங்கும் வைரஸை எழுப்பிவிடுகிறது, எழுந்த வைரஸ் உமிழ்நீரில் கசிகிறது என்பது ஒரு விளக்கம்.

அந்த ஆறு மாதத்தைக் கவனியுங்கள். தாய் கொடுத்த எதிர்ப்பொருள் தீர்ந்துபோகும் நேரம். குழந்தை முதல் மலேரியாவைச் சந்திக்கும் நேரம். வைரஸ் தீவிரநிலையில் பெருகும் நேரமும் அதுவே. அட்லாண்டா எலிகளைக் கொன்ற வரிசையும் அதுதான்.

உடன்தொற்று என்றாலே கேடு என்று எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். உறங்கும் எம்ஹெச்வி68, லிஸ்டீரியா பாக்டீரியாவிலிருந்தும் பிளேக் பாக்டீரியாவிலிருந்தும் எலிகளைக் காப்பாற்றியது என்று 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. சிங்கப்பூரில் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சிக்குன்குன்யா வைரஸும் மலேரியாவும் சேர்ந்து தாக்கிய எலிகளுக்கு மூளை மலேரியா வராமல் தடுக்கப்பட்டது. மூளைக்குள் புகுந்து சேதம் விளைவிக்கும் டி செல்களின் போக்கை வைரஸ் திசைதிருப்பிவிட்டது. மூளை மலேரியாவில் கொல்வது பெரிதும் உடம்பின் சொந்தப் படையே என்பதால் அந்தப் படை திசைமாறினால் நன்மை. எதிர்ப்பொருளால் வெல்ல வேண்டிய மலேரியாவில் படை தடுமாறினால் மரணம். ஒரே தலையீடு, நோய் எந்த வகை என்பதைப் பொறுத்துக் காப்பாற்றவும் செய்கிறது, கொல்லவும் செய்கிறது.

இந்த ஆராய்ச்சி உடனடியாக உறைக்க வேண்டிய இடம் தடுப்பூசி. மலேரியா குழந்தைகளின் தடுப்பூசித் திறனைக் குறைக்கும் என்பது புதிய செய்தி இல்லை. 1972-லேயே நைஜீரியாவில் பிரையன் கிரீன்வுட் குழு, மலேரியா வந்த குழந்தைகளிடம் டெட்டனஸ் தடுப்பூசிக்கான எதிர்ப்பொருள் குறைவாக உருவாவதைக் காட்டியது. இன்று மலேரியாவுக்கே தடுப்பூசி வந்துவிட்டது. ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை 2021-லும் ஆர்21 தடுப்பூசியை 2023-லும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டும் எதிர்ப்பொருளை நம்பி வேலை செய்பவை. ஆர்டிஎஸ்,எஸ் ஊசியின் பெரிய சோதனையில், 5 முதல் 17 மாதக் குழந்தைகளுக்கு நான்கு தவணை கொடுத்தபோது சுமார் நான்கு ஆண்டுகளில் நோய் 36 சதவீதம் குறைந்தது. 6 முதல் 12 வார வயதில் தொடங்கிய குழந்தைகளிடம் 26 சதவீதம்தான். வயது, தாயின் எதிர்ப்பொருள், முந்தைய மலேரியா என்று இந்த வேறுபாட்டுக்குப் பல விளக்கங்கள் உண்டு. முதல் தவணையைத் தொடங்கப் பரிந்துரைக்கப்படும் வயது சுமார் ஐந்து மாதம். கிசுமு போன்ற ஊர்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் குழந்தைகளை வந்தடையும் பருவத்தை ஒட்டியே அது விழுகிறது. ஊசி போடும் நாளில் எடுக்கும் ரத்தத்தில் ஒட்டுண்ணியைத் தேடுவதோடு அந்த வைரஸின் டிஎன்ஏ அளவையும் சேர்த்துப் பார்ப்பது இன்றைய ஆய்வகத்துக்குப் பெரிய வேலை இல்லை. பின்னால் எதிர்ப்பொருள் குறைவாக உருவான குழந்தைகள் யார், ஊசி போட்ட அன்று அவர்கள் உடம்பில் வைரஸ் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கே தடுப்பூசி உருவாக்கும் முயற்சியும் இப்போது வேகம் பிடித்திருக்கிறது. நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பை 2022-ல் அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளைக் கொண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியதுதான் ஒரு பெரிய உந்துதல். அமெரிக்காவில் இந்தத் தடுப்பூசிகளின் முதல் கட்டச் சோதனைகள் பதினெட்டு வயது தாண்டிய இளைஞர்களிடம் தொடங்கின. அங்கே பலருக்கு வைரஸ் பதின்ம வயதில்தான் வருகிறது என்பதால் பள்ளி வயதில் ஊசி போட்டாலும் பயன் இருக்கும். மேற்குக் கென்யாவில் அப்படி ஒரு ஊசி உதவ வேண்டுமென்றால் குழந்தை குப்புற விழுந்து தவழத் தொடங்குவதற்குள் போட்டாக வேண்டும். அந்த வயதுக்காக ஒரு தடுப்பூசியை வடிவமைக்கும் வேலையை இப்போதே தொடங்கினால்தான் அது கிசுமுவுக்கும் போய்ச்சேரும்.